தராசு முள்

வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே
எட்டடிக்கு ஆறடியில் பார்சல் ஆபீஸ்.
ஒரு மேசை, ரசீதுப் புத்தகம், கார்பன் தாள்,
முள் ஆடுகிற பழைய தராசு.
வாழைத்தார் முதல் வளைகாப்பு வளையல் வரை
என் கையெழுத்தில்தான் சென்னைக்குப் போகும்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குப்
பரமார்த்தலிங்கம் வருவார்.
எக்ஸெல் வண்டியின் முன்னால் இரண்டு மிக்சிப் பெட்டி.
ஸ்க்ரூ டிரைவரால் குத்திய துளைகள், பக்கத்துக்கு ஒன்பது.
‘மிக்சி ரெண்டுன்னு எழுதும்வே.’
எழுதுவேன்.
ரசீதுக்கடியில் ஐம்பது ரூபாய் இருக்கும்.

மிக்சியை வைத்தால்
முள் ஒருமுறை துள்ளி நின்றுவிடும்.
இது நிற்காது.
இரண்டே காலுக்கும் இரண்டரைக்கும் நடுவே
எதையோ தொலைத்ததுபோல் அலையும்.
உத்தேசமாக ஒரு எண்ணைப் போடுவேன்.

மூன்று வருஷம் இப்படி.
பெருங்களத்தூரில் இறக்கும்போது
ஒரு பெட்டி சத்தமில்லாமல் இருந்ததாகக்
கிளீனர் இசக்கிதுரை ஒருதரம் போனில் சொன்னான்.
‘சேதமான சரக்குக்குக் கம்பெனி பொறுப்பல்ல’
என்று ரசீதின் பின்பக்கம் அச்சடித்திருக்கிறது.
அதைத்தான் அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

ஆடி மாதம் கால்நடைத் துறையிலிருந்து
டாக்டர் எஸ்தர் பொன்மலர் வந்து
சுவரில் ஒரு தாளை ஒட்டினார். பசையும் அவர் கொண்டுவந்ததே.
பதிவெண் இல்லாமல் குட்டி விற்கக் கூடாது.
எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது.
வருஷத்துக்கு ஒரு ஈற்று; ஆயுளுக்கு ஐந்து.
கல்யாண மண்டப நோட்டீசுக்கும்
குற்றாலம் லாட்ஜ் விளம்பரத்துக்கும் இடையில்
அது மட்டும்தான் நேராக ஒட்டியிருந்தது.

பரமார்த்தலிங்கம் கண்ணாடி போட்டுப் படித்தார்.
‘எம் மருமவளுக்கு மில்லுல ஒரு மாசம்கூட லீவு தரல.
நாய்க்கு எட்டு வாரமாம்லா.’
சிரித்தேன். அவரும் சிரித்தார்.
‘எட்டு வாரம் ஆச்சுன்னே போடும்.’

அன்றைக்கு ஏனென்று தெரியவில்லை,
சுண்டுவிரலைத் துளைக்குள் விட்டேன்.
ஈரமாய் ஒரு வாய் கவ்விச்
சப்பத் தொடங்கியது.
பல் இல்லை.
வழவழவென்று ஈறு மட்டும்.
எங்கள் தெருவில் எட்டு வாரக் குட்டி
செருப்பு வாரைத் துண்டாக்கியிருக்கும்.

தாளின் அடியில் இருந்த நம்பரை
விரலைத் துடைக்காமலே அடித்தேன்.
பெட்டிகள் பஸ் ஏறவில்லை.
உள்ளே நான்கு.
மூன்று தேறின.

மறுநாள் என்னையும் சாட்சிக்கு அழைத்துப் போனார்கள்.
பேட்டையில், மூடிக்கிடந்த ஒரு அரவை மில்லுக்குப் பின்னால்
சிமெண்டு ஷீட் கொட்டகை. ஏழு கூண்டு.
பினாயில், புளித்த பால், உச்சி வெயில்.
படிவத்தில் ‘தாயின் பெயர்’ என்றொரு வரி.
‘பேரெல்லாம் கெடையாது. இது மூணாம் நம்பர்.’
எத்தனையாவது ஈற்று?
விரல்விட்டு எண்ணினார்.
ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனார்.
டாக்டர் பேனாவை மூடாமல் காத்திருந்தார்.

மூணாம் நம்பர் எழுந்து வந்தது,
மடி தரையில் உரச.
கம்பி வழியே என் கையை முகர்ந்தது.
இரண்டுதரம் சோப்புப் போட்டுக் கழுவிய கை.
கட்டைவிரல், உள்ளங்கை எல்லாம் கடந்து
சுண்டுவிரலில் நின்றது.
மூக்கை எடுக்கவேயில்லை.

கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.
நேற்றைய ஐம்பது ரூபாய் அங்கேதான் இருந்தது.
‘நீரும்தான்வே தின்னீரு’ என்றார் பரமார்த்தலிங்கம்,
அபராதத் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே.
இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை.

அவருக்கு இப்போது பதிவெண் உண்டு.
கூண்டு ரெண்டுதான். குட்டி விலை கூடிவிட்டது.
என்னைக் கண்டால் எக்ஸெல்லை வேகமாக முறுக்குவார்.

வேறு ஆட்கள் வருகிறார்கள்,
அந்தத் தாளை ஒழுங்காகப் படித்தவர்கள்.
துளை போடாத பெட்டிகளோடு.
குக்கர் என்கிறார்கள். சாமி படம் என்கிறார்கள்.
நான் ஒன்றும் கேட்பதில்லை.
தராசில் வைத்துவிட்டு,
டிரைவர் ஹார்ன் அடித்தாலும் இறக்காமல்
முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.